வேதாரண்யத்தில் அப்பா, அம்மாவுக்கு ஒரு கணினி: 35,000 ரூபாய்க்குள் அடங்குமா?

உப்பளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். பெற்றோர் வேதாரண்யத்தில். வீட்டில் இருக்கும் கணினி 2010-இல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. கோர் 2 டியோ, 4 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். கஜா புயல் அன்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு மழை உள்ளே கொட்டியபோது அம்மா முதலில் போர்வை போட்டு மூடியது இந்தப் பெட்டியைத்தான். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறார். திரும்பி வரும்போதும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

அப்பாவுக்கு 72 வயது. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். தமிழ்த் தட்டச்சில் முதுநிலை. தெருவில் யாருக்குப் பட்டா மாறுதல் வேண்டுமானாலும், முதியோர் உதவித்தொகை நின்றுபோனாலும் மனு எழுத எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். காசு வாங்குவதில்லை. கைப்பேசியில் தட்டச்சு செய்வதை அவர் எழுத்து வேலையாகவே மதிப்பதில்லை. அம்மாவுக்குக் கோல வீடியோக்கள், கந்த சஷ்டி கவசம், ஓசூரில் இருக்கும் பேத்தியின் முகம். மின்கட்டணம் செலுத்துவதும் அம்மாதான்.

ஊரில் ஒரு கடையில் விலை கேட்டேன்:

ஐ3 12100 செயலி 9,800. எச்610 மதர்போர்டு 6,200. 16 ஜிபி ரேம் 5,500. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு) 3,900. எஸ்எம்பிஎஸ்ஸோடு (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) சேர்ந்த கேபினட் 1,900. 22 அங்குலத் திரை 7,000. விசைப்பலகை, மவுஸ் 900.

மொத்தம் 35,200. இதில் எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம்? ஐந்தாறு வருடம் தொந்தரவு இல்லாமல் ஓட வேண்டும். ஏதாவது ஆனால் நான் பத்து மணி நேரம் பயணம் செய்து போக வேண்டும் என்பதை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

சில்லுப்பித்தன் எழுதியது:

12100 நல்ல தேர்வுதான், நான்கு கோர், எட்டு திரெட். ஆனால் விலை கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை என்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி செயலியைப் பாருங்கள். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ்.

ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் "அதே செயலிதான், ஆயிரம் ரூபாய் குறைவு" என்று 12100எஃப் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த எஃப் என்ற ஓர் எழுத்துக்குப் பொருள், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. என் மைத்துனர் அப்படி வாங்கிவிட்டு இரண்டு நாள் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

பழுதுக்கடை எழுதியது:

தம்பிகளே, பட்டுக்கோட்டையில் பதினேழு வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். செயலி செத்துப்போய் என் மேசைக்கு வந்த பெட்டிகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இந்த இழையில் அதற்குத்தான் இரண்டு பேரும் முதலில் காசு ஒதுக்குகிறீர்கள்.

என் மேசைக்கு வருவது என்ன தெரியுமா? எஸ்எம்பிஎஸ். அடுத்து எஸ்எம்பிஎஸ். அதற்கும் அடுத்து ஹார்டு டிஸ்க். பிறகு யுபிஎஸ் பேட்டரி. 1,900 ரூபாய்க்கு கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பெறுமானம் என்னவாக இருக்கும்? மேலே 450 வாட் என்று அச்சடித்திருப்பார்கள், தூக்கிப் பார்த்தால் காலி டப்பா போல் இருக்கும். மின்னழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கும் ஊரில் அதை வைப்பது பெட்டிக்குள் பட்டாசு வைப்பது. அது சாகும்போது தனியாகச் சாகாது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் ப்ரோன்ஸ் (வெண்கலம்) என்ற மின்திறன் சான்று உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மூவாயிரம் ஆகும். ஆகட்டும்.

வேதாரண்யம் என்கிறீர்கள். உப்பளக் காற்று. அங்கிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தாலே தெரியும், திருகாணி எல்லாம் துரு. "ஆன் ஆகிறது, திரை வரவில்லை" என்று வந்தால் பாதி நேரம் ரேமைக் கழற்றிப் பித்தளை நிறத்தில் இருக்கும் அதன் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் போதும், உயிர் வந்துவிடும். இதை அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். பெட்டியின் பின்பக்கம் உள்ள காலி இடுக்குகளுக்குத் தகட்டு மூடி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளிர்காலத்தில் பல்லி உள்ளே சூடு தேடிப் போகும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கருகிய பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு அந்த வாசனையோடு சாப்பிடப் போன நாட்கள் எனக்கு உண்டு.

பெங்குவின்தாசன் எழுதியது:

எதற்குப் புதிய பெட்டி? பழையதில் ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கதவைத் திறந்து வைத்துத் தூங்குவது போல. மிண்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், காசு இல்லாமல்.

அப்பாவுக்குத் தட்டச்சுதான் கவலை என்றால், ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பில் பழைய தட்டச்சுப்பொறி விசைப்பலகை முறை அப்படியே இருக்கிறது. தமிழ்99-உம் இருக்கிறது. அவர் விரல் பழகிய இடத்திலேயே எழுத்து வரும்.

சில்லுப்பித்தன் எழுதியது:

தாசன், கோர் 2 டியோவில் எஸ்எஸ்டி போட்டால் ஆன் ஆவது வேகமாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா கோல வீடியோ பார்க்க வேண்டும். இன்றைய யூடியூப் வீடியோவை விரிக்கும் வன்பொருள் அந்தக் காலத்துச் சில்லில் இல்லை. எல்லாவற்றையும் செயலியே இழுக்க வேண்டும். முழுத்திரையில் கோலப்புள்ளி ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகும்.

அதே பெட்டியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 24எச்2 பதிப்பிலிருந்து அந்தத் தலைமுறைச் செயலிகளில் அது ஆன் ஆகவே ஆகாது. அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் செயலியில் இல்லை.

உப்பளத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சில விவரங்களைச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒன்று, அப்பாவின் கோப்புகள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அலுவலகத்தில் பழகியது. சுமார் தொள்ளாயிரம் மனுக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கின்றன.

இரண்டு, வங்கித் தளத்தைத் திறந்தால் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று வருகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி 2009-க்குப் போய்விடுகிறது. வைரஸா?

மூன்று, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று அம்மா சொல்கிறார். காலில் செருப்பு போட்டுக்கொண்டுதான் கணினி முன் உட்காருகிறார்.

பழுதுக்கடை எழுதியது:

வைரஸும் இல்லை, பேயும் இல்லை. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று கேளுங்கள், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது செத்துவிட்டால் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரம் நின்றுவிடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2009-இல் இருக்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்று. அதனால்தான் நம்ப மறுக்கிறது. இதற்காகவே "விண்டோஸ் போயிற்று, புதிதாகப் போட வேண்டும்" என்று 500 ரூபாய் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாகச் சொன்னீர்களே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. மின்சாரக்காரர் யாராவது பேசட்டும்.

மின்பணியாளர் எழுதியது:

பேசுகிறேன். அம்மாவைச் சுருக்கென்று இழுப்பது கணினியின் குற்றம் அல்ல. வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து எர்த்துக்கு, மற்றொன்று நியூட்ரலில் இருந்து எர்த்துக்கு. எர்த் கம்பி மண்ணில் சரியாக இறங்கியிருந்தால் கசியும் சிறு மின்சாரம் அந்த வழியே போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேபினட்டின் தகரம் நடுவில் மாட்டிக்கொள்ளும், ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், 110 வோல்ட் அளவுக்கு அதில் நிற்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கோடு போகிறது. ஆனால் அதே வீட்டில்தான் கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் அதே அறுந்த எர்த்தில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றில் உள்ளே கம்பி தகரத்தைத் தொட்டால் சுருக்கோடு நிற்காது.

கணினி வாங்குவதற்கு முன் உள்ளூர் மின்பணியாளரைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் அதையொட்டியே காட்ட வேண்டும். 100, 120 என்று அலைந்தால் எர்த் இல்லை. நீங்களே குச்சியை நுழைத்துப் பார்க்க வேண்டாம். உங்கள் ஊர் உப்பு மண்ணில் பழைய இரும்புக் குழாயைக் கரையான் அரித்ததுபோல் துரு தின்றிருக்கும், செம்பு பூசிய கம்பியாக இறக்கச் சொல்லுங்கள்.

இதை உங்கள் 35,000-க்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள். "கணினிச் செலவு வேறு, வயரிங் செலவு வேறு" என்று பிரித்தால் வயரிங் அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போகும்.

மணப்பாறை டீச்சர் எழுதியது:

எனக்கு வயது எழுபது. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பன்னிரண்டு வருடமாகச் சொந்தமாகக் கணினி வைத்திருக்கிறேன். இந்த இழையில் எங்கள் வயதுக்காரர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களில் ஒருவரையும் காணோம். அதனால் நுழைந்துவிட்டேன்.

தம்பி உப்பளத்தான், 22 அங்குலத் திரை வேண்டாம். 27 அங்குலம் வாங்குங்கள், அதுவும் 1920க்கு 1080 புள்ளிகள் உள்ளதாகவே. என் மகன் "பெரிய திரையில் அந்தப் புள்ளிகள் போதாது, எழுத்து மங்கும்" என்றான். அவன் கண்ணுக்கு மங்கும். எனக்கு அதே எழுத்து ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகத் தெரிகிறது, எந்த அமைப்பையும் மாற்றாமல்.

அடுத்தது, திரையை உயரத்தில் வைக்காதீர்கள். கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கண்ணாடியில் மேல்பாதி தூரப்பார்வைக்கு, கீழ்பாதி வெள்ளெழுத்துக்கு. திரை உயரத்தில் இருந்தால் கீழ்பாதி வழியாகப் பார்ப்பதற்குத் தாடையை நிமிர்த்திக்கொண்டே உட்கார வேண்டும். எனக்கு ஆறு மாதம் கழுத்து வலி. பிசியோதெரபிக்குச் செலவழித்த பணத்தில் இன்னொரு திரை வாங்கியிருக்கலாம். திரையின் தாங்கியைக் கழற்றித் தாழ வைத்த அன்றே வலி குறையத் தொடங்கியது.

மூன்றாவது, விடுமுறைக்கு வந்து எல்லாவற்றையும் "சுத்தம் செய்து" போகாதீர்கள். நான் வங்கியை இடப்பக்கம் மூன்றாவது படமாக நினைவில் வைத்திருப்பேன். நீங்கள் வரிசை மாற்றிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவீர்கள்.

சில்லுப்பித்தன் எழுதியது:

டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு எனக்கு வேறு யோசனை தோன்றுகிறது. முன்பு சொன்னதை நானே திருத்துகிறேன்.

அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய கணினிகள் பார்த்திருக்கிறீர்களா? டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி. தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான். சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் புதுப்பித்து விற்கிறார்கள். ஐ5 8500டி, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, பதினைந்தாயிரம் ஒட்டிக் கிடைக்கும். 2018-இல் வந்த செயலி, ஆறு கோர், 35 வாட்தான். அப்பாவின் மனுவுக்கும் அம்மாவின் கோலத்துக்கும் தாராளம். பெரும்பாலும் விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே இருக்கும். அதற்கென்று தனியாகக் காசு வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விளம்பரத்தில் "ஐ5" என்று மட்டும் பெரிதாகப் போடுவார்கள். அதற்குப் பின்னால் வரும் எண் 8-இலோ அதற்கு மேலோ தொடங்க வேண்டும். 6500டி, 7500டி என்றால் விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. விலையில் மூவாயிரம் குறையும், அந்த மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டால் அடுத்த வருடம் இதே இழையைத் திரும்பத் திறப்பீர்கள்.

பழுதுக்கடை எழுதியது:

இந்தக் குட்டிப் பெட்டிகளை நான் ஆதரிக்க மாட்டேன். அசெம்பிள் செய்த கணினியில் எஸ்எம்பிஎஸ் போனால் எந்த ஊர்க் கடையிலும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மதர்போர்டு போனால் வேறு மதர்போர்டு. குட்டிப் பெட்டியில் மதர்போர்டு போனால் அந்த நிறுவனத்தின் அதே மாடல்தான் வேண்டும். எங்கே போய்த் தேடுவது? அடாப்டரின் முனை கூட ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு மாதிரி. உப்புக் காற்றில் சின்னப் பெட்டி, நெருக்கமான உள்வேலை, சின்ன விசிறி. யோசியுங்கள்.

சில்லுப்பித்தன் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் உங்கள் வாதத்தையே உங்களுக்கு எதிராகத் திருப்புகிறேன். முதலில் சாவது எஸ்எம்பிஎஸ் என்றீர்கள். இதில் எஸ்எம்பிஎஸ்ஸே உள்ளே இல்லை. மடிக்கணினிக்கு இருப்பது போல வெளியே அடாப்டர், 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். போனால் அடாப்டரோடு போகும். ஒரு உபரி அடாப்டர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அம்மாவே மாற்றலாம். பல்லி நுழைய இடமும் இல்லை.

மதர்போர்டு போனால்? பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டி. எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொரு குட்டிப் பெட்டியில் மாட்டிக் கூரியரில் அனுப்பிவிடலாம். கோபுரக் கேபினட்டைக் கூரியரில் அனுப்ப முடியுமா?

பழுதுக்கடை எழுதியது:

அடாப்டர் விஷயம் நான் யோசிக்காதது. பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதி பாதியை என் கடை வாடகைக்காக ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறேன்.

வாங்குவதானால் கடையின் ஒரு வருட உத்தரவாதத்தைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். வந்தவுடன் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். புதுப்பித்தது என்று சொல்லிப் பல வருடம் ஓடிய எஸ்எஸ்டியைத் துடைத்துப் போடுபவர்கள் உண்டு.

உப்பளத்தான் எழுதியது:

குட்டிப் பெட்டி அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மேசையில் அவருடைய மனுக்களுக்கு இடம் கிடைக்கும். யுபிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? கஜாவுக்குப் பிறகு வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். அது இருந்தும் மின்சாரம் போகும்போது பழைய கணினி அணைந்து அணைந்து எழுகிறது.

மின்பணியாளர் எழுதியது:

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் யுபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்று எழுதியிருக்கும். நார்மலில் இருந்தால் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். விளக்கும் விசிறியும் அந்த இடைவெளியைக் கண்டுகொள்ளாது, கணினி கண்டுகொள்ளும். யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். தனி யுபிஎஸ் தேவையில்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதற்கு பேட்டரி மாற்றும் தொல்லையும் இல்லை. கணினி இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். அணைத்தால் போதாது. ஃபைபர் இணைப்பு என்றால் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனால் அந்த மோடத்தின் அடாப்டர் வழியே வந்து லேன் கம்பியில் ஏறும். அதையும் பிடுங்க வேண்டும்.

பெங்குவின்தாசன் எழுதியது:

விண்டோஸ்தான் என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது. அழவில்லை. ஆனால் வானவில்லை அப்படியே தொடர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 2010-இலேயே தமிழக அரசு, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்து முறையைத் தரமாக ஏற்றுவிட்டது. இணையவழி மனு என்றால் யூனிகோடு இல்லாமல் ஒரு வரி கூட ஒட்ட முடியாது. அவர் பழகிய தட்டச்சு முறையிலேயே யூனிகோடில் எழுத இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் போதும். பழைய மனுக்களைத் தேவைப்படும்போது எழுத்துரு மாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். தொள்ளாயிரத்தையும் ஒரே நாளில் மாற்ற உட்கார வேண்டாம். மாற்றியதை ஒரு முறை வாசித்துப் பார்க்கவும் வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறும்.

மணப்பாறை டீச்சர் எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. போன வருடம் என் திரையின் ஓரத்தில் தினமும் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று சிவப்பாகக் குதிக்கும். அருகிலிருந்த பையனைக் கூப்பிட்டேன், வைரஸ் மென்பொருள் விற்றுவிட்டுப் போனான். குதிப்பது நிற்கவில்லை. பிறகு பேத்தி வந்து பார்த்தாள். ஏதோ ஒரு ராசிபலன் தளம் "அறிவிப்புகளை அனுமதிக்கவா" என்று கேட்டபோது நான் "அனுமதி" என்று அழுத்தியிருக்கிறேன். அவ்வளவுதான் வைரஸ். உலாவி அமைப்பில் அறிவிப்புக் கேட்பதையே நிறுத்திவிட்டாள், ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டாள். அன்றோடு நின்றது.

இன்னொரு நாள், காவல்துறை என்று சொல்லி வீடியோ அழைப்பு வந்தது. என் ஆதாரில் போதைப்பொருள் பார்சலாம், "டிஜிட்டல் கைது" செய்திருக்கிறார்களாம், திரையை விட்டு எழுந்திருக்கக் கூடாதாம். முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவள் நான். "எழுந்து நின்று பேசு" என்றேன், அழைப்பு துண்டிக்கப்பட்டது. சிரிப்பாகச் சொல்கிறேன், அன்று இரவு தூங்கவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 1930 என்ற எண்ணைத் திரையின் கீழே ஒட்டிவைத்துவிடுங்கள் தம்பி. பணம் போய்விட்டால் மணிக்கணக்கில் யோசிக்காமல் உடனே கூப்பிட வேண்டிய எண்.

உப்பளத்தான் எழுதியது:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று நாள் விடுப்பில் ஊருக்குப் போய் வந்தேன்.

முதலில் எர்த். மின்பணியாளர் சொன்னபடியே மீட்டரில் 96 காட்டியது. தோண்டிப் பார்த்தால் குழாய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, சிவப்புப் பொடிதான். புதிதாக இறக்கக் கூலியோடு 4,500. அன்று மாலை அம்மா பழைய கேபினட்டை வெறுங்காலோடு தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருடம் இது கணினியின் குணம் என்று நினைத்தேன்" என்றார்.

குட்டிப் பெட்டி, ஐ5 8500டி, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, ஒரு வருட உத்தரவாதம்: 15,500. ரேமை 16 ஆக்கலாம் என்றிருந்தேன். ரேம் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். 8-இல் எந்தக் குறையும் தெரியவில்லை. 27 அங்குலத் திரை 9,800. விசைப்பலகை, மவுஸ் 900. வெப்கேம் 1,600. உபரி அடாப்டர் 900.

நீங்கள் யாரும் சொல்லாத இரண்டு குழிகளில் விழுந்தேன். பெட்டியில் எச்டிஎம்ஐ துளையே இல்லை, திரைக்கான துளை இரண்டும் டிஸ்பிளேபோர்ட். திரையிலோ எச்டிஎம்ஐ மட்டும். இரண்டையும் இணைக்கும் கேபிளுக்கு நாகப்பட்டினம் வரை போக வேண்டியிருந்தது, 450. திரையில் ஒலிபெருக்கி கிடையாது. பெட்டிக்குள் இருப்பது பீப் என்பதற்கு மேல் உதவாது. கவசம் கேட்காத கணினியை அம்மா ஏற்கவில்லை. யுஎஸ்பி ஒலிபெருக்கி 600.

கணினி 29,750. எர்த்தோடு 34,250.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சாதாரணப் பயனர் கணக்குதான். எதையும் நிறுவ வேண்டுமானால் கடவுச்சொல் என்னிடம். தொலைவிலிருந்து பார்க்க விண்டோஸிலேயே உள்ள விரைவு உதவியை வைத்திருக்கிறேன். நான் அழைத்துப் பேத்தியின் செல்லப்பெயரைச் சொன்னால் ஒழிய, யார் சொல்லும் எண்ணையும் அதில் தட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். முதல் வாரம் நானே அந்தப் பெயரைச் சொல்ல மறந்து அழைத்தேன், அம்மா இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அப்பா இ-கலப்பையில் அரை மணி நேரத்தில் பழகிவிட்டார். விசைப்பலகை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. விசை ஆழமாக இறங்கவில்லையாம், "தகரத்தில் தட்டுவது போல் இருக்கிறது" என்கிறார். தட்டச்சர்களுக்கு ஏற்றது எது என்று யாராவது சொன்னால் அடுத்த முறை வாங்கிப் போகிறேன்.

சில்லுப்பித்தன் எழுதியது:

மெக்கானிக்கல் விசைப்பலகை. நீல சுவிட்ச் என்று கேளுங்கள். அழுத்தும்போது விரலுக்கு ஒரு தடை தெரியும், சத்தமும் வரும். இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. அம்மா மதியம் தூங்கும் அறையில் கணினி இருந்தால் வாங்காதீர்கள்.

பழுதுக்கடை எழுதியது:

கேபிள் விஷயத்தைச் சொல்லாதது என் தவறு. பழைய பெட்டியை என்ன செய்தீர்கள்?

உப்பளத்தான் எழுதியது:

எதிர்வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், கணினி அறிவியல் பிரிவு. தாசன் சொன்னதுபோல் எஸ்எஸ்டி போட்டு மிண்ட் நிறுவிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஹார்டு டிஸ்க்கும் அதிலேயே இருக்கட்டும், கூடுதல் இடமாகப் பயன்படுத்திக்கொள்ளலாமே?

பழுதுக்கடை எழுதியது:

பெட்டியைக் கொடுங்கள், ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பதினைந்து வருடம் மனு எழுதிய வட்டு அது. ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் அதற்குள் இருக்கும். அழித்தாலும் மீட்டுவிடலாம், நானே எத்தனையோ பேருக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உப்பளத்தான் எழுதியது:

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மாலைக்குள் அவரே திருகாணியைக் கழற்றி எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.